அட்டையும் மாத்திரையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "நாட்டின் மருத்துவச் சீர்திருத்தமும் மக்கள் கருத்தும்." நான் டாக்டர் இல்லை. பொருளாதாரம் படித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். "எனக்கெதுக்குப்பா இந்தத் தலைப்பு?" என்று கேட்டேன். "நோயாளிங்க பக்கத்துல இருந்து ஒருத்தன் பேசணும்ல, நீ பேசு" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. பந்தி போடுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நாம் படித்த காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. 2002இல் மறுபடி சேர்ந்தது. 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே நான்கு தடவை மாவட்டம் மாறியவர்கள் நம் அரியலூர் நண்பர்கள். ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்றால் போகிற திசை மட்டும் மாறவே இல்லை. திருச்சி, இல்லாவிட்டால் தஞ்சாவூர். மாட்டு வண்டியில் ஏற்றி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து, லாரிக்காரரைக் கெஞ்சி நிறுத்தி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை இங்கே பல குடும்பங்களில் உண்டு. போய்ச் சேர்வதற்குள் முடிந்துபோன கதையும் உண்டு. அதைச் சொல்லி இந்த நாளில் உங்களை வருத்தப்பட வைக்க மாட்டேன்.

தலைப்பு கொடுத்த நாளிலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், செட்டிகுளம் பக்கம் வெங்காயப் பட்டறை ஓரத்தில், அரியலூர் ரயில் நிலையத்தில், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்பில் என்று போகிற இடத்திலெல்லாம் பழக்கப்பட்டவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இது கணக்கெடுப்பு இல்லை. வெறும் பேச்சுதான். முதல் கேள்வி: "ஆஸ்பத்திரி விஷயத்துல அரசாங்கம் செஞ்சதுல எது பெரிசு?" பதில் யோசிக்காமல் வந்தது. "இன்சூரன்ஸ் அட்டை சார்", "108 வண்டி சார்." இரண்டாவது கேள்வி: "இன்னும் என்ன வேணும்?" அதற்கும் பதில் தயாராக இருந்தது. "பெரிய ஆஸ்பத்திரி வேணும், ஸ்கேன் வேணும், மெடிக்கல் காலேஜ் வேணும்."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008 செப்டம்பரில் வந்தது. லாரிக்காரரிடம் கெஞ்சிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் வந்தது. நான்கு வருஷத்துக்குக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறி, வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று ஆயிற்று. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனாவோடு இணைந்தது. இப்போது ஐந்து லட்சம் வரை. ஆட்சிகள் மாறியும் அட்டை நிற்கிறது. அதை நிறுத்தினால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும். மக்கள் கருத்துக்கு அவ்வளவு பலம் உண்டு.

நான் கவனித்தது வேறு ஒன்றை. இத்தனை பேரில் ஒருவர்கூடத் தன் ஊர்க் கடைசியில் இருக்கிற துணை சுகாதார நிலையத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அது ஒன்று இருப்பதாகவே யாருக்கும் நினைவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? 2014 வரைக்கும் எனக்கும் நினைவில்லை. எங்கள் அக்காவால்தான் நினைவு வந்தது.

அக்கா வாழ்க்கைப்பட்டது வேப்பூர் ஒன்றியத்தில் ஒரு கிராமம். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற கரிசல்காடு. அக்காவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே போகிற பஸ் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. போய், வரிசையில் நின்று, வாங்கி, திரும்பி வந்தால் ஒருநாள் போச்சு. பருத்தி எடுப்பு நேரத்தில் ஒருநாள் என்பது ஒருநாள் கூலி, கூடவே பக்கத்துக் காட்டுக்காரரிடம் வாங்குகிற பேச்சு. இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. மூன்றாவது மாதம் விட்டுப்போனது. நான் பொங்கலுக்குப் போனபோது கேட்டேன்.

"மாத்திரை சாப்பிடுறியாக்கா?"

"தலைசுத்தல் எல்லாம் இல்லப்பா தம்பி. நல்லாத்தான் இருக்கேன். எதுக்குச் சும்மா சும்மா மாத்திரை?"

நானும் சரியென்று விட்டுவிட்டேன். ரத்த அழுத்தம் என்பது வலிக்காத நோய், நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதுதான் மாத்திரை வேலை செய்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டிய படித்தவன் நான். சொல்லவில்லை. கரும்பும் வெல்லமும் கட்டிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வருஷம் ஆவணியில் அக்காவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பீரோவிலிருந்து காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். உயிர் பிழைத்தது. டாக்டர்கள், நர்சுகள் எல்லாரும் நன்றாகத்தான் பார்த்தார்கள், யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடது கை திரும்பவில்லை. பருத்தி எடுத்த கை. அதற்கப்புறம் மாதாமாதம் ஆன மாத்திரைச் செலவுக்கும், கார் வாடகைக்கும், மாமா காட்டு வேலையை விட்டுக் கூட இருந்த நாட்களுக்கும் எந்த அட்டையும் இல்லை. இரண்டு ஆட்டையும் ஒரு பசுவையும் விற்றார்கள்.

நண்பர்களே, இந்தக் கணக்கை ஒரு பொருளாதார வாத்தியாராகக் கொஞ்சம் பாருங்கள். காப்பீட்டுத் திட்டம் என்பது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குப் பணம் கட்டுவது. இருதய ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரகம் என்று குடும்பத்தையே கவிழ்த்துவிடுகிற செலவுக்கு அது வேண்டும். அது இல்லாத காலத்தில் நிலத்தை விற்றவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் வெளிநோயாளியாகப் போய் வாங்குகிற மாத்திரைக்கும், பஸ் காசுக்கும், போன கூலிக்கும் அது பொறுப்பு ஏற்காது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள குடும்பத்துக்கு இந்தச் சில்லறைச் செலவுதான் மாதாமாதம் வருவது. மாத்திரை விட்டுப்போனால் பிறகு வருவது பெரிய செலவு. அட்டை கடைசிப் படியில் நிற்கிறது. முதல் படியில் யார் நிற்கிறார்கள்?

இதைப் பெரியவர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அமைத்த போர் கமிட்டி 1946இல் கொடுத்த அறிக்கையிலேயே, பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கக்கூடாது, வைத்திய வசதி மக்களுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 2017இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய சுகாதாரக் கொள்கையும், ஒதுக்குகிற பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப மருத்துவத்துக்குப் போகவேண்டும் என்கிறது. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கு இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி ஐந்து லட்ச ரூபாய் காப்பீடு. இன்னொரு பாதி, நாடு முழுக்க ஒன்றரை லட்சம் துணை நிலையங்களையும் ஆரம்ப நிலையங்களையும் மேம்படுத்துவது. முதல் பாதியை ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது பாதி தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் கை தூக்குங்கள் பார்க்கலாம்.

(நான்கைந்து கைகள் எழுந்தன.)

நன்றி. இனிமேல்தான் நம் ஊர்ப் பெருமையைச் சொல்லப்போகிறேன். 2017இல் தமிழக அரசு, அனைவருக்கும் மருத்துவம் என்ற நோக்கத்தோடு ஒரு சோதனை முயற்சியை மூன்று வட்டாரங்களில் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை, பெரம்பலூர் மாவட்டத்தில் நம்முடைய வேப்பூர்! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே ஒரே ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும், வீடு வீடாகப் போவதும், ரிஜிஸ்டர் எழுதுவதும் அவர் ஒருவரே. அவர் வீடு பார்க்கப் போனால் நிலையத்தில் பூட்டு தொங்கும். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் மறுபடி வருவாரா? சோதனை வட்டாரங்களில் இன்னொரு செவிலியரையும் போட்டார்கள். ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே. கட்டடத்தைச் சரிசெய்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கேயே பார்த்தார்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள்.

மருந்துக்கு எங்கே போவது என்ற கவலையும் நம் மாநிலத்துக்கு இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதலே மொத்தமாக டெண்டர் விட்டு, மருந்தை மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஆஸ்பத்திரிகளுக்குப் பாஸ்புக் கொடுத்து விநியோகித்து வருகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு அது. கிடங்கு வரைக்கும் மாத்திரை வரும் பாதை போட்டாயிற்று. கிடங்கிலிருந்து கடைசி வீடு வரைக்கும் என்பதுதான் மிச்சம் இருந்தது.

என்ன ஆயிற்று? சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த மூன்று வட்டாரங்களையும் ஆராய்ந்தார்கள். வெளிநோயாளியாக யாரும் அனேகமாக எட்டிப் பார்க்காமல் இருந்த துணை நிலையங்களுக்கு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். தனியாரிடம் போவது குறைந்தது. கைச்செலவும் குறைந்தது. இத்தனைக்கும் யாரும் மேடை போட்டு, "துணை நிலையத்துக்கு வாருங்கள்" என்று பிரசாரம் செய்து அவர்கள் மனத்தை மாற்றவில்லை. கதவு திறந்திருந்தது, ஆள் இருந்தார், மாத்திரை இருந்தது. மனம் தானாக மாறியது.

ஆகவே என் கட்சி இதுதான். மக்கள் கருத்து என்பது வாயில் மட்டும் இல்லை, காலிலும் இருக்கிறது. "என்ன வேணும்?" என்று கேட்டால், கண்ணால் கண்டதைத்தான் கேட்பார்கள். காணாததை எப்படிக் கேட்பார்கள்?

இது நமக்கு மட்டும் உள்ள குணமும் அல்ல. இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. அதற்குச் சில மாதம் முன்புவரை டாக்டர்கள் சங்கத்து உறுப்பினர்கள் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தார்கள். பிறகு அந்நாட்டு மக்கள் அதைத் தங்கள் சொத்தாகவே கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தைப் பற்றி வருஷக்கணக்கில் ஆதரவைவிட எதிர்ப்பே கூடுதலாக இருந்தது. 2017இல் அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஆதரவு ஏறிவிட்டது. அனுபவித்த பிறகு, இழக்கப்போகிறோம் என்ற பயம் வந்த பிறகுதான் ஜனங்கள் வாய் திறக்கிறார்கள். எல்லா ஊரிலும் மனிதன் மனிதன்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் அரியலூர் நண்பர்கள் என்னை விடமாட்டார்கள். 2017 செப்டம்பர் முதல் தேதி. செந்துறைப் பக்கம் குழுமூர் கிராமத்து அனிதாவை நாம் இழந்த நாள். கூலித் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியும் நீட் தேர்வினால் டாக்டர் படிப்பு கிடைக்காமல் போனது. அன்றைக்கு இந்தச் சிறிய மாவட்டத்தின் குரல் நாடு முழுக்கக் கேட்டது. யார் டாக்டர் ஆவது என்பதும் மருத்துவச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதிதான் என்பதை நமக்கு உணர்த்திவிட்டுப் போனாள் அந்தப் பெண். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. அங்கே உள்ள அரங்கத்துக்கு 2023இல் அனிதாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பதினொன்றில் பெரம்பலூர் இல்லை என்ற ஆதங்கம் நம் பெரம்பலூர் நண்பர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான ஆதங்கம். கேட்க வேண்டியதுதான்.

ஆனால் மருத்துவக் கல்லூரி கேட்டு ஊர்வலம் போகிற நாம், "துணை நிலையத்தில் இந்த மாதம் மாத்திரை வரவில்லை" என்று ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறோமா? கல்லூரிக்குப் பெயர்ப் பலகை உண்டு, திறப்பு விழா உண்டு. மாத்திரைக்குத் திறப்பு விழா கிடையாது. எனவே அதைக் கேட்பதற்கு யாராவது வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. காப்பீட்டு அட்டைக்கு இருக்கிற மக்கள் பலம் இதற்கும் வந்தால்தான் இது நிற்கும். ஏதோ ஒரு வருஷம் நிதி குறைந்து, வருகிற ஆள் வராமல் போனால், டீக்கடையில் யாரும் கோபப்பட மாட்டார்கள். அக்கா மாதிரி சத்தமில்லாமல் மாத்திரையை விட்டுவிடுவார்கள். அதுதான் என் பயம்.

நான் உங்களிடம் நன்கொடை கேட்க வரவில்லை. (கைதட்டல்) நம் சங்கம் வருஷத்துக்கு ஒரு கண் சிகிச்சை முகாம் நடத்துகிறது. அது நடக்கட்டும். அதோடு இன்னொன்று செய்யலாம். கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கூடுகிறது. 2022இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களையும் சேர்த்திருக்கிறார்கள். நம்மில் பலர் ஓய்வு பெற்றவர்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்களும் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊருக்கு வருகிறோம். ஒரு கூட்டத்துக்காவது போய் மூன்று கேள்வி கேட்போம். துணை நிலையம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது? போன மாதம் எந்த மாத்திரை எத்தனை நாள் இல்லை? மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களை யார் போய்ப் பார்த்தார்கள்? சண்டை வேண்டாம். செவிலியரைக் குற்றவாளியாக நிறுத்தவும் வேண்டாம். பெரும்பாலும் அவருக்கே நம்மைவிட அதிகக் குறை இருக்கும். அதைக் கேட்டுத் தீர்மானமாக எழுதிவைப்போம். எழுதிய தீர்மானம்தான் கலெக்டர் ஆபீசில் மக்கள் கருத்து என்று நிற்கும்.

கடைசியாக ஒன்று. துணை நிலையம் மாறிய பிறகு ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். மாத்திரையை வீட்டுப் பக்கத்திலேயே வாங்கிவிடுவதாகச் சொன்னாள். வலது கையால் டம்ளரை எடுத்துக் காபி கொடுத்தாள். இடது கை மடியில் கிடந்தது.

"நல்லா பண்ணிருக்காங்கப்பா. நர்சம்மா பேரு சொல்லிக் கூப்பிடுது. இதே மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா…" என்று சொல்லிவிட்டு, "சரி, விடு, மத்தவங்களுக்காவது ஆச்சே" என்றாள்.

அக்காவை யாரும் இதுவரை கருத்துக் கேட்டதில்லை. தம்பியாகிய நானே கேட்டதில்லை. நாட்டின் மருத்துவச் சீர்திருத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மக்கள் கருத்து அதுதான். அதை உங்கள் முன் வைத்துவிட்டேன். இன்றைக்கு ஊருக்குத் திரும்பியதும், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மாத்திரை இருக்கிறதா, சாப்பிடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால், நான் செய்தது மாதிரி அதோடு விட்டுவிடாதீர்கள்.